வீட்டில் கிட்டார் பதிவு: ஓசையின் குறையைக் கேட்டுப் பிழை நீக்கும் வழிமுறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்கிவிடும் நாள்களில், தக்கலையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கிட்டாரும் மடிக்கணினியுமாக இளைஞர்கள் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள். எல்லோரும் கேட்பது, "எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?" என்பதுதான். கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி அது. நானோ, இதுவரை பதிவு செய்ததைப் போட்டுக் காட்டச் சொல்வேன். குறை கருவியில் இருக்கிறதா, அதை இணைத்த விதத்தில் இருக்கிறதா, வீட்டு மின் இணைப்பில் இருக்கிறதா என்பது முதல் சில வினாடிகளிலேயே பிடிபட்டுவிடும். பணம் செலவழித்துத் தீர்க்க வேண்டிய குறைகள் இவற்றில் சிலவே. ஆகவே, எதை வாங்குவது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, காதில் விழும் குறையிலிருந்து தொடங்குவோம்.

சோதனைக்கு இரண்டு பதிவுகள் தேவை. முதலாவதாக, கிட்டாரின் வால்யூம் முழுதும் திறந்திருக்க, கம்பிகளைக் கையால் அமர்த்திக்கொண்டு பதினைந்து வினாடி மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டாவதாக, ஆறு கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, ஒவ்வொன்றும் அடங்கும்வரை விட்டுப் பதிவு செய்யுங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். இதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இரண்டையும் மறுபடி பதிவு செய்து ஒப்பிட வேண்டும். கேபிளையும் அதைச் செருகும் துளையையும் பதிவு மென்பொருளின் அமைப்பையும் ஒருசேர மாற்றியவருக்கு, குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வாயில் துணி அடைத்ததுபோல் மங்கிக் கேட்கிறது

மின்கிட்டாரை மடிக்கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருகியவர்களும், இன்டர்ஃபேஸ் வாங்கியும் அதன் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்த மறந்தவர்களும் இந்தக் குறையோடு வருகிறார்கள். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். அத்தகைய சுருளின் மின்மறுப்பு, அதாவது இம்பிடன்ஸ், ஒலியின் அதிர்வெண் கூடக்கூடத் தானும் கூடும். அதை வாங்கிக்கொள்ளும் துளையின் மின்மறுப்பு அதைவிடப் பன்மடங்கு பெரிதாக இல்லாவிட்டால், கீச்சுப் பகுதி, அதாவது உயர் அதிர்வெண் ஒலி, பெருமளவு சுருளிலேயே தேங்கிவிடும். கிட்டாருக்கென அமைந்த 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' துளைகளில் இது வழக்கமாக 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் அளவில் இருக்கும். லைன் துளையில் சுமார் 10 ஆயிரம் ஓம். மைக் துளையில் அதற்கும் கீழே, சில ஆயிரம் ஓம். இந்த வேறுபாடு ஈக்வலைசரால் ஈடுசெய்யக்கூடியதன்று. போன கீச்சைத் தூக்கப்போனால் இரைச்சல்தான் கூடவே எழும்பும்.

அகூஸ்டிக் கிட்டாருக்குள் பிரீஆம்ப், அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் சிறு மின்சுற்று, பொருத்தப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அது 9 வோல்ட் பேட்டரியால் இயங்கி, வலுவான சமிக்ஞையைத் தானே தருவதால், லைன் துளையிலும் ஒழுங்காக ஒலிக்கும். அந்த வகைக் கிட்டார் மெலிந்தோ கரகரத்தோ ஒலித்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

கேபிளின் நீளமும் ஒரு காரணம். ஒரு மீட்டர் கிட்டார் கேபிளில் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். மேடைக்கென வாங்கிய 10 மீட்டர் கேபிளை மேசையருகே சுருட்டி வைத்து வாசித்தால் கீச்சு குறையத்தான் செய்யும். வீட்டுப் பதிவுக்கு 3 மீட்டர் போதும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்லும் குறை இது ஒன்றே. இன்ஸ்ட் துளை உள்ள எந்த நல்ல இன்டர்ஃபேஸும் இதைத் தீர்க்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற சிறியவற்றில் ஒரு மைக்கும் ஒரு கிட்டாரும் இணைக்கலாம்; அதே வரிசையின் 2ஐ2 போன்றவற்றில் இரண்டு துளைகளுமே மைக், லைன், கிட்டார் என மூன்றுக்கும் பயன்படும். தனியாகப் பாடி வாசிப்பவருக்கு முதலாவது போதும். இருவர் கிட்டார் வாசிப்பதாக இருந்தாலோ, ஒரே கிட்டாருக்கு இரண்டு மைக் வைக்கும் எண்ணம் இருந்தாலோ இரண்டாவதற்குப் போங்கள். நான்கும் எட்டும் துளைகள் உள்ளவற்றுக்கு வீட்டுக் கிட்டார் பதிவில் வேலையே இல்லை.

அடித்த பிறகே காதில் விழுகிறது

என் அக்காள் மகன் முதன்முதலாக இன்டர்ஃபேஸ் வாங்கிய அன்று இரவு, "மாமா, அடிச்ச பொறவுதான் சத்தம் வருது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று தொலைபேசியில் குமுறினான். கடைக்காரர்மேல் பழியே இல்லை. கருவியையும் கணினியையும் பேச வைக்கும் நிரலே டிரைவர்; அவனுடைய மென்பொருளில் விண்டோஸின் பொதுவான ஒலி டிரைவர் தேர்வாகியிருந்தது. இன்டர்ஃபேஸுடன் வரும் ஏசியோ டிரைவரை அவன் நிறுவவே இல்லை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏசியோ முறை, விண்டோஸின் ஒலிக்கலவை அடுக்கைத் தவிர்த்து, மென்பொருளையும் கருவியையும் நேராகப் பேச வைக்கிறது. மேக் கணினியில் கோர் ஆடியோ அந்த வேலையைச் செய்வதால் அங்கே இந்தச் சிக்கல் அரிது. உங்கள் கருவிக்கென்று தனி ஏசியோ டிரைவர் இல்லையென்றால், ஏசியோ4ஆல் என்ற இலவசப் பொது டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். அது நல்ல மாற்று, ஆனால் மாற்றுதான். ஆகவே புதிதாக வாங்குபவர்கள் அட்டைப் பெட்டியில் அச்சிட்ட 192 கிலோஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்ணைப் பார்ப்பதைவிட, நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டிரைவர் சரியானபின் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். கணக்கு எளிது: பஃபரின் சாம்பிள் எண்ணிக்கையைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் ஒருவழித் தாமதம் கிடைக்கும். 44.1 கிலோஹெர்ட்சில் 1024 சாம்பிள் என்றால் சுமார் 23 மில்லிசெகண்ட்; உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்து 46. அதில் யாராலும் தாளம் பிடித்து வாசிக்க இயலாது. 48 கிலோஹெர்ட்சில் 128 சாம்பிள் என்றால் ஒருவழிக்கு 2.7, போகவர 5.3, கருவியின் உள் வேலைகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். காற்றில் ஒலி 10 மில்லிசெகண்டில் சுமார் 3.4 மீட்டர் செல்கிறது என்பதால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து பதினோரு அடி தள்ளி நின்று வாசிப்பதற்கு இது சமம். ஆலய மேடையில் அதைவிடத் தள்ளி நின்றுதான் வாசிக்கிறோம்.

கணினி பழையது, பஃபரைக் குறைத்தால் திணறுகிறது என்றால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் பயன்படுத்துங்கள். கிட்டாரின் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில், கிட்டார் பதிவாகும் டிராக்கின் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். புளூடூத் ஹெட்ஃபோனைப் பற்றி ஒரே வரி: பெரும்பாலானவற்றில் அதன் தாமதம் மட்டுமே 100 மில்லிசெகண்டைத் தாண்டும், பதிவு நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

உம்மென்ற ரீங்காரமும் சர்ரென்ற இரைச்சலும்

இந்தக் குறையில் நிதானம் வேண்டும். காரணங்கள் பல, அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியும் இருக்கும். முதல் பதிவை, அதாவது மௌனப் பதிவைக் கூர்ந்து கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அடித்தொண்டையில் முனகுவதுபோன்ற ரீங்காரம் 50, 100 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கும். அதற்கு மேல் கூர்மையாகச் சர்ரென்று ஒலிப்பது வேறு வகை.

முதலில், கிட்டாருடன் நாற்காலியில் இருந்தபடியே மெல்லச் சுற்றுங்கள். திசை மாற மாற ஒலி கூடியும் குறைந்தும் வந்தால், அறையில் உள்ள காந்தப்புலத்தைப் பிக்கப் நேரடியாகப் பிடிக்கிறது. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு இது பிறவிக்குணம். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராக இணைத்த இரு சுருள்களால் இந்த ரீங்காரத்தை ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் ஏற்பாடே. உங்களிடம் இருப்பது சிங்கிள் காயில் என்றால், சார்ஜரையும் ஸ்டெபிலைசரையும் ஒரு மீட்டருக்கு அப்பால் தள்ளுங்கள். குறைவாக முனகும் திசையைக் கண்டு அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் கருவிகளில் குற்றமில்லை. இரண்டு முள் சார்ஜரில் எர்த் இணைப்பே கிடையாது; அதன் உள்ளே உள்ள சிறு மின்தேக்கி வழியாகக் கசியும் நுண்மின்சாரம் கணினி, இன்டர்ஃபேஸ், கேபிள் என்று நடந்து கிட்டார் கம்பி வரை வந்துவிடும். கம்பியைத் தொடும்போது விரலில் மெல்லிய சிலிர்ப்பு உண்டாவதும் அதனால்தான். சிலிர்ப்பு அளவோடு நில்லாமல் அதிர்ச்சியாகவே அடித்தால் சோதனையை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். மூன்று முள் சார்ஜர் இருந்தும் ரீங்காரம் வந்தால், கணினிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் வெவ்வேறு பிளக் பாயிண்டுகளில் எர்த் இணைந்து, கேபிள் வழியே ஒரு எர்த் சுற்று உருவாகியிருக்கலாம்; இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். ரீங்காரத்தை ஒழிப்பதற்காக மூன்றாவது முள்ளை ஒடித்துவிடும் வழக்கம் ஒலிபெருக்கி அமைப்பவர்களிடையே உண்டு; அது உயிரோடு விளையாடுவது. அந்தச் சுற்றை உடைக்க, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை இடையில் வைப்பதே முறையான வழி.

ஓட்டு வீடுகளில் எர்த் குழியே பிரச்சினையாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். நம் செம்மண் மேட்டில், கோடையில் குழி காய்ந்துவிட்டால் எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும். மழைக்காலத்தில் சுத்தமாக இருந்த பதிவு பங்குனியில் முனகத் தொடங்கினால், இன்டர்ஃபேஸை மாற்றுமுன் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இனி அந்தச் சர்ரென்ற இரைச்சல். ஒரு முறை கருங்கலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை முழுவதும் கேபிள்களை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். புதிய கேபிள் ஒன்றும் வாங்கியாயிற்று. நான் போய் அமர்ந்ததும், வியர்க்கிறதே என்று அந்த வீட்டு அம்மா மின்விசிறியை மூன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பினார்கள். ஹெட்ஃபோனில் இருந்த இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. மறுபடி மூன்றுக்குத் திருப்பச் சொன்னோம். சர்ரென்று திரும்பி வந்தது. திருகும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் உள்ள டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச், ஒவ்வொரு அரையலையிலும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. வினாடிக்கு 100 முறை நிகழும் அந்த வெட்டுதான் கிட்டாரில் ஏறுகிறது. முழு வேகத்தில் வெட்டு அநேகமாக இல்லை. கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரில் வெட்டே இல்லை. ஆகவே பதிவு நேரத்தில் விசிறியை அணையுங்கள், இயலாவிட்டால் முழு வேகத்தில் ஓட விடுங்கள், அல்லது ரெகுலேட்டரை மாற்றுங்கள். சில மலிவான எல்ஈடி விளக்குகளும் இதே தொல்லையைத் தருவதால், ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் மரமோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்து மின்சாரம் போகும் நாள்களில் இன்வெர்ட்டரில் பதிவு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் விசிறியே முனகும் என்றால் பிக்கப் எப்படிச் சும்மா இருக்கும்? சைன் வேவ் இன்வெர்ட்டரில் இத்தொல்லை குறைவு. மடிக்கணினியின் பேட்டரியில் வேலையை முடித்துக்கொள்வது இரண்டையும்விட மேல்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சும் சிறு இரைச்சலுக்கு மட்டுமே நாய்ஸ் கேட் என்ற மென்பொருள் வடிகட்டி. அது இரைச்சலை நீக்குவதில்லை. நீங்கள் வாசிக்காதபோது கதவைச் சாத்துகிறது, அவ்வளவே. மெல்ல அடங்கும் கம்பியின் வாலையும் அது சேர்த்து நறுக்கிவிடும்.

இடையிடையே டப், டிக் என்று தெறிக்கிறது

பஃபரை மிகவும் குறைத்திருக்கிறீர்கள், அல்லது கணினி வேறு வேலையில் மாட்டிக்கொள்கிறது. பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள். பல கணினிகளில் குற்றவாளி அதுவே. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், ஏனெனில் பேட்டரியில் ஓடும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு துளையைப் பலவாக்கும் யூஎஸ்பி ஹப் வழியாக இன்டர்ஃபேஸை இணைக்காதீர்கள், யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர்தான், அதையும் மவுசும் பென்டிரைவும் பங்கிட்டுக்கொண்டால் கன்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் பேன்டம் பவரைப் போட்ட கணத்தில் இன்டர்ஃபேஸ் மயங்கி விழும். வேகத்தைப் பொறுத்தவரை இரண்டு சானல் பதிவுக்கு யூஎஸ்பி 2.0 தாராளம்.

உரக்க அடித்தால் கிழிகிறது

கெயின், அதாவது உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவு, அதிகம். பலமாக அடிக்கும்போது மீட்டர் -12 முதல் -6 டெசிபெலுக்குள் நிற்கும்படி குறையுங்கள். 24 பிட் பதிவில் தாழ்வாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தினால் இழப்பு எதுவும் காதுக்குத் தெரியாது. கிழிந்ததைத் தைக்க வழியில்லை. கெயினை அடியோடு குறைத்தும் கிழிந்தால், பேட்டரி உள்ள கிட்டாரை இன்ஸ்ட் துளையிலிருந்து லைனுக்கு மாற்றுங்கள்.

டிஸ்டார்ஷன் போட்டால் வண்டு கத்துவதுபோல் இருக்கிறது

ஆம்ப்ளிஃபையரைப் போலச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டர் மென்பொருளில், ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் பகுதியை ஆன் செய்யவில்லை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்சுக்கு மேல் செங்குத்தாகத் தாழ்ந்துவிடும் தன்மையுடையது. அந்தத் தாழ்ச்சி இல்லாத டிஸ்டார்ஷன் எந்தக் காதுக்கும் வதைதான். பெடலிலும் மென்பொருளிலும் இரண்டு ஆம்ப் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

டிராக்கை ஸ்டீரியோவாகத் திறந்திருக்கிறீர்கள். முதல் துளை இடப்பக்கம் மட்டும் போகிறது. மோனோ டிராக்காக மாற்றுங்கள். கருவியில் பழுது இல்லை.

பின்னணி இசையோடு சுருதி சேரவில்லை

ட்யூனரில் சரியாக இருந்தும் பதிவில் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் விலகி, தாளமும் கூடவே ஓடியோ பின்தங்கியோ கேட்டால், ஒரு பக்கம் 44.1, மறுபக்கம் 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைந்திருக்கிறது. மென்பொருள், இன்டர்ஃபேஸ், விண்டோஸ் ஒலி அமைப்பு ஆகிய மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். கேரலின் பின்னணி இசைக் கோப்பை வேறொருவரிடமிருந்து வாங்கிவந்து வாசிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதால், பதிவைத் தொடங்குமுன் அந்தக் கோப்பின் சாம்பிள் ரேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

கேபிளை அசைத்தால் கரகரக்கிறது

குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் கிட்டார்களில் இதைத்தான் முதலில் தேடுவேன். கடற்காற்றின் உப்பும் இரண்டு பருவமழைகளின் ஈரமும் சேர்ந்து, ஜாக்கின் உள்முனையில் மங்கலான படலத்தை உண்டாக்கிவிடுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால், பிளக்கின் நுனியைத் தொடும் சிறு தகடு பளபளப்பிழந்து கறுத்திருப்பது தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் தெளித்து, பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் அதற்கும் அதே மருந்து. துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துவிடாதீர்கள். அது விட்டுச்செல்லும் பிசுக்கில் தூசு படிந்து, ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். இன்டர்ஃபேஸை இரவில் மேசைமேல் திறந்து வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மைக்கில் பதிந்தால் கிட்டாரைவிட ஊர்தான் அதிகம் கேட்கிறது

கன்டென்சர் மைக் வாங்கினால்தான் ஸ்டுடியோ தரம் வரும் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள், ஓட்டின்மேல் விழும் மழையையும், காக்கையையும், தூரத்து ஒலிபெருக்கியையும், மார்த்தாண்டம் பஸ்சின் ஹாரனையும் சேர்த்துப் பதிந்துகொண்டு வருகிறார்கள். நுண்ணிய ஒலியையும் பிடிப்பது கன்டென்சரின் குணம். அறை அமைதியாக இருந்தால் அது வரம், இல்லையென்றால் தொல்லை. சாலையோர வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கைக் கிட்டாருக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள் என்பதே. 1960களிலிருந்து உலகெங்கும் மேடைகளில் உழைக்கும் மைக்குகள் அவை. உங்கள் ஆலயத்திலேயே ஒன்று இருக்கும், வாங்குமுன் இரவல் கேட்டுச் சோதிக்கலாம். டைனமிக் மைக்குக்குக் கெயின் அதிகம் தேவைப்படும் என்பதால், இன்டர்ஃபேஸின் மைக் கெயின் 55 டெசிபெலுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கைக் கிட்டார் உடலில் உள்ள வட்டத் துளைக்கு நேரே வைக்காதீர்கள். அங்கே காற்று தள்ளும் கனம்தான் பதியும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேராக, ஒரு சாண் தொலைவில், முகம் சற்றே துளையின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். பிறகு மைக்கை நகர்த்தாமல், நீங்கள் நாற்காலியை இரண்டு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். எந்தப் புதிய கருவியாலும் வராத மாற்றம் அந்த இரண்டு அங்குலத்தில் வரும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றாகி, பழைய கருவி ஒன்றை விலைபேசுவதானால், சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டே போங்கள். இரண்டு துளைகளிலும் செருகி அசையுங்கள். குமிழ்களை மெல்லத் திருகிக் கேளுங்கள். 48 வோல்ட்டைப் போட்டு ஒரு கன்டென்சர் மைக் பேசுகிறதா என்று பாருங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு நிறுவனம் இன்னும் டிரைவர் தருகிறதா என்பதை அங்கேயே அலைபேசியில் தேடிவிடுங்கள். எட்டுத் துளை உள்ள அழகான பெட்டி நம்பமுடியாத விலைக்குக் கிடைக்கிறது என்றால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே இருப்பது ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புத் துளையாக இருந்தால், அதைச் செருக உங்கள் மடிக்கணினியில் இடமே இருக்காது.